மூளையின் வழிகளை ஆராய்ந்த மருத்துவர் பி. ராமமூர்த்தி

(பத்தாம் வகுப்பு மாணவி)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்தச் சிரசுக்குள் இருக்கும் மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம்தான். ஆயினும் நாம் பசித்து உண்பதும், தாகம் எடுத்து நீர் அருந்துவதும், வெயிலில் வியர்ப்பதும், அஞ்சுவதும், சினப்பதும், அயர்ந்து உறங்குவதும் அதன் ஆணைப்படியே நடைபெறுகின்றன. அவ்வாணைகள் மூளையின் எந்தெந்த இடங்களில் பிறக்கின்றன, எவ்வழியே செல்கின்றன என்று ஆராய்ந்து, அங்கே நேரும் பழுதுகளை நீக்குவதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே சென்னையின் நரம்பு அறுவை மருத்துவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. நம் பெற்றோர் அறிந்த தொழிற்சங்கத் தலைவர் பி. ராமமூர்த்தி வேறு, இவர் வேறு. இம்மருத்துவர் 2003-ஆம் ஆண்டு மறைந்தபோது எங்கள் வகுப்பில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. எனினும் பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் என்னும் பாடத்தைப் படிக்கும் நாங்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

இளமையும் கல்வியும்

பாலசுப்ரமணியம் ராமமூர்த்தி 1922-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். சீர்காழி அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. அவருடைய தந்தையாரும் மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற ராமமூர்த்தி, அறுவை மருத்துவத்தில் மேற்படிப்பையும் முடித்தார். 1947-இல், நாடு விடுதலை அடைந்த அதே ஆண்டில், எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார்.

அந்நாளில் நம் நாட்டில் வயிற்றையும் எலும்பையும் அறுத்துச் சிகிச்சை செய்ய வல்லவர் பலர் இருந்தனர். மூளையைத் தொடுவதற்கோ தனிப் பயிற்சி பெற்றவர் இல்லை என்றே சொல்லலாம். அப்பயிற்சியைப் பெறுவதற்காக அவர் இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்குச் சென்று, ரௌபாதம் என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் பயின்றார்.

புதிய துறையின் தொடக்கம்

1950 அக்டோபரில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறை தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்த ராமமூர்த்திக்கு அப்போது வயது 28. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அம்மருத்துவமனை ஏழை மக்களின் புகலிடம். சென்னை மாகாணத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகள் அங்கே வந்தனர்.

இன்று தலையில் அடிபட்டால் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். உலகில் முதல் நோயாளிக்கு அவ்வாறு படம் எடுக்கப்பட்டதே 1971-இல்தான். அதற்கு முன், மண்டையோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அறிவதற்கு மருத்துவர்கள் மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்தியோ, கழுத்து இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தியோ எக்ஸ்ரே எடுத்தனர். அந்த மங்கலான நிழலைப் பார்த்து, நோயாளியின் நடையையும் பேச்சையும் கண்ணையும் நுணுக்கமாகச் சோதித்து, பழுது இன்ன இடத்தில் இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். கணிப்பு தவறினால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய நிலையில்தான் அவர் மூளைக் கட்டிகளையும், காசநோயால் மூளையில் தோன்றும் கட்டிகளையும், விபத்தில் தலையில் நேர்ந்த காயங்களையும் அறுவை செய்து வந்தார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ஆம் ஆண்டே இத்துறையைத் தொடங்கியிருந்தார். அவர் கனடா நாட்டு மேதை வைல்டர் பென்பீல்டிடம் பயின்றவர். சாண்டி, ராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகிய நால்வரும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தொடங்கினர். நால்வரால் தொடங்கிய கழகம் நாடு முழுவதும் பரவி வளர்ந்தது.

சரவெடியும் நரம்பும்

ராமமூர்த்தி செய்த பணியின் அருமை விளங்க வேண்டுமானால், மூளை வேலை செய்யும் விதத்தை நாம் சிறிது அறிய வேண்டும்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஒரு நியூரானின் செய்தி அடுத்ததற்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் செல்கிறது. சிவகாசிச் சரவெடியை அறியாதவர் நம்மில் யார்? ஒரு முனையில் வைத்த நெருப்பு திரி வழியே ஓடி, வெடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்கிறது. நரம்பின் செய்தியும் ஏறக்குறைய அவ்வாறே ஓடுகிறது. ஆனால் இரண்டு பெரும் வேறுபாடுகள் உண்டு. எரிந்த திரி மீண்டும் எரியாது. நியூரானோ கண் இமைக்கும் நேரத்துக்குள் அடுத்த செய்திக்கு ஆயத்தமாகிவிடும். திரிக்கு நெருப்பைக் கடத்த மட்டுமே தெரியும். மூளையிலோ செய்தியை ஏற்றும் நியூரான்களோடு அதை அணைக்கும் நியூரான்களும் இருக்கின்றன. ஏற்றுவதும் அணைப்பதும் சமமாக இருக்கும்வரை நம் கை நடுங்காமல் எழுதுகிறது. நம் சினமும் எல்லை கடப்பதில்லை.

அணைக்கும் சக்தி குறைந்து, பல நியூரான்கள் ஒரே வேளையில் கட்டுக்கடங்காமல் பற்றிக்கொள்வதே வலிப்பு. அது பேயுமன்று, சாபமுமன்று. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் அது நிற்பதில்லை. தானே தணியும் வலிப்பு, சாவியைக் கொடுத்த நேரத்தில் தணிந்தால் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது! வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகில் உள்ள கூரிய பொருள்களை அகற்ற வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இனி, ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியைப் பார்ப்போம். மூளையின் அடியில், ஒரு பாதாம் பருப்பு அளவே உள்ள இடம் அது. பசி, தாகம், உடல் வெப்பம், உறக்கம் ஆகியவற்றை அதுவே கண்காணிக்கிறது. சித்திரை வெயிலில் விருதுநகர்ச் சாலையில் நடக்கும்போது வியர்வை பெருகுவது அதன் ஆணையால்தான். 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு விஞ்ஞானி பி.கே. ஆனந்த், புரோபெக் என்பவருடன் சேர்ந்து ஓர் உண்மையைக் கண்டார். எலியின் ஹைப்போதலாமஸில் இரு பக்கமும் ஒரு சிறு இடத்தைச் செயலிழக்கச் செய்தபோது, எதிரே உணவு இருந்தும் அவ்வெலிகள் உண்ணாமல் பட்டினியால் இறந்தன. வேறோர் இடம் கெட்டாலோ எலிகள் அளவின்றித் தின்று பருத்தன என்று அதற்கு முன்பே வேறு அறிஞர்கள் கண்டிருந்தனர். பசி வயிற்றில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

அமிக்டலா என்பது மற்றொரு பகுதி. அது காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் இருக்கிறது. அச்சமும் சினமும் எழுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நம் பகுதியில் திடீரென்று வெடிச் சத்தம் கேட்டால், அது திருமண வீட்டு வெடியா, ஆலையில் விபத்தா என்று நாம் எண்ணிப் பார்க்கும் முன்பே நெஞ்சு படபடக்கிறது. அமிக்டலா ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்ப, இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. கல்யாண வெடிதான் என்று பெருமூளை அறிந்து சொன்ன பின்னரே படபடப்பு அடங்குகிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பலர் உயிர் இழந்த விபத்து போன்றவற்றில் தப்பியவர்களுக்கு, ஆண்டுகள் கழிந்தும் ஒரு சிறு ஓசை அதே நடுக்கத்தைத் தரக்கூடும். அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்வது அறியாமையே.

நடுங்கும் கைகள்

மூளையின் ஆழத்தில் உள்ள ஓர் இடத்தை, மேலே உள்ள பகுதிகளைச் சிதைக்காமல் எப்படி அடைவது? 1908-இல் லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்னும் இருவர் விலங்குகளுக்காக ஓர் உலோகச் சட்டத்தை அமைத்தனர். 1947-இல் அமெரிக்காவில் ஸ்பீகல், வைசிஸ் என்னும் இருவர் அம்முறையை மனிதருக்குப் பயன்படுத்தினர். தலையில் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே படத்தின் உதவியால் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் கணக்கிட்டு, மண்டையோட்டில் ஒரு சிறு துளை வழியாக மெல்லிய கருவியைச் செலுத்த வேண்டும். வரைபடத் தாளில் நாம் புள்ளியைக் குறிப்பதைப் போன்றதே இது. ஆனால் இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கை கால் விழுந்துவிடலாம்.

இம்முறையைச் சென்னையில் ராமமூர்த்தியும் அவருடன் பணியாற்றிய டாக்டர் வி. பாலசுப்ரமணியமும் வளர்த்தனர். கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு அப்போது தக்க மருந்து இல்லை. அவர்கள் தலாமஸில் ஒரு சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்து நடுக்கத்தை நிறுத்தினர். மூளைக்கு வலி தெரியாது. ஆதலால் நோயாளி விழித்திருக்கும்போதே இச்சிகிச்சை நடக்கும். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தபடியே மருத்துவர் கருவியைச் செலுத்துவார். பல ஆண்டுகளாக ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்க முடியாதவர், மேசையில் படுத்தபடியே தம் கை நடுங்காமல் நிற்பதைத் தாமே கண்டால் அவர் உள்ளம் எப்படி இருந்திருக்கும்!

இக்குழுவில் டாக்டர் டி.எஸ். கனகா என்னும் பெண்மணியும் இருந்தார் என்பது பெண்களாகிய நமக்குப் பெருமை தருவது. 1932-இல் பிறந்த அவர் 1968-இல் நரம்பு அறுவையில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆசியாவிலேயே இத்துறைக்கு வந்த முதல் பெண்களுள் ஒருவர். மூளைக்குள் மின்முனைகளை நிலையாகப் பொருத்தும் சிகிச்சையில் நம் நாட்டின் முன்னோடிகளுள் ஒருவராகவும் அவர் விளங்கினார். 2018-இல் மறைந்தார்.

சினத்தின் இருப்பிடம்

இப்போது அவர் வாழ்வின் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

மூளைக்காய்ச்சலாலும் வலிப்பாலும் மூளை கெட்டுப் போன சிலர், காரணமின்றிப் பிறரைத் தாக்குவர், தம்மையே கடித்துக்கொள்வர், இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருப்பர். அவர்களுள் சிறுவர்களும் உண்டு. அத்தகையோரைத் தூணில் கட்டி வைப்பதும் அறையில் பூட்டி வைப்பதும் அக்காலத்தில் பல குடும்பங்களுக்கு வேறு வழி தெரியாத வழக்கம். ஜப்பானில் நரபயாஷி என்னும் மருத்துவர் அமிக்டலாவிலும், சானோ என்னும் மருத்துவர் ஹைப்போதலாமஸிலும் சிறு புள்ளிகளைச் செயலிழக்கச் செய்து இத்தகையோரை அமைதிப்படுத்தினர். 1960-களில் சென்னைக் குழுவினரும் அதனை மேற்கொண்டனர். மருந்துக்கு அடங்காத நோயாளிகளுக்கு மட்டுமே இந்த அறுவை என்பது அவர்கள் கொண்ட விதி. 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய அறுவைகள் 600-க்கும் மேல் என்று காண்கிறோம். உலகிலேயே மிகப் பெரிய தொகுப்புகளுள் இதுவும் ஒன்று. அவர்களுள் பெரும்பான்மையோர் அமைதி அடைந்தனர் என்று அவர் கணக்குக் காட்டினார்.

இதைப் படித்தபோது எங்களுக்கு முதலில் வியப்பு உண்டாயிற்று. பிறகு ஒரு கலக்கமும் உண்டாயிற்று. கட்டுண்டு கிடந்த ஒருவரை அவிழ்த்துவிட்டு, குடும்பத்தோடு அமர்ந்து உண்ணச் செய்வது பெரிய தொண்டே. ஆனால் அறுவை செய்யப்பட்டவர் தமக்காகப் பேச இயலாதவர். சம்மதம் தந்தவர்கள் பெற்றோர். அமைதியானார் என்று எழுதியவர்கள் மருத்துவர்கள். அந்தச் சிறுவனின் உள்ளத்தில் சினத்தோடு வேறு எது போயிற்று என்று யார் அறிவார்? செயலிழக்கச் செய்த புள்ளியை மீண்டும் உயிர்ப்பிக்கவும் முடியாது.

உலகமும் இவ்வினாக்களை எழுப்பியது. போர்ச்சுகல் நாட்டு மோனிஸ் என்பவருக்கு மூளையின் முன்பகுதியைத் துண்டிக்கும் அறுவைக்காக 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அறுவையால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கானோர் உணர்ச்சி மங்கி வாழ நேர்ந்ததை உலகம் பின்னரே உணர்ந்தது. சென்னையில் செய்யப்பட்டது அதைவிட மிகச் சிறிய, குறி வைத்த அறுவைதான். ஆயினும் கேள்வி ஒன்றே. 1950-களிலிருந்து நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன; இத்தகைய அறுவைகளும் காலப்போக்கில் அரிதாயின. இன்று நடுக்க நோய்க்கு மூளையில் மின்முனையைப் பொருத்தி, மார்பின் தோலுக்கடியில் வைத்த மின்கலத்தால் இயக்குகிறார்கள். வேண்டாமென்றால் அதை நிறுத்திவிடலாம் என்பதே அதன் சிறப்பு.

ராமமூர்த்தியின் பணியைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. சங்கிலியை விட அறுவை மேல் என்று அவர் எண்ணியது ஏன் என்பதை நம் பக்கத்து மாவட்டமே காட்டிவிட்டது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். 1985 வரை விருதுநகரும் அதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. தீயின் கொடுமையை அறிந்த நம் மக்களுக்கு அந்தச் செய்தியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எவரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துள்ளது. நோயாளியின் சம்மதமும் வாரியத்தின் அனுமதியும் இன்றி மனநோய்க்காக மூளையை அறுவை செய்யக் கூடாது என்றும் அது கூறுகிறது. சங்கிலியும் வேண்டாம், கேளாமல் செய்யும் அறுவையும் வேண்டாம் என்பதே அச்சட்டத்தின் சாரம் என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

பிற்காலப் பணிகள்

சென்னைப் பொது மருத்துவமனையில் ஒரு துறையாகத் தொடங்கியது, அவர் முயற்சியால் நரம்பியல் நிலையமாக உயர்ந்தது. 1973-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. டாக்டர் பி.என். டாண்டனுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த நரம்பு அறுவைப் பாடநூல் 1980-இல் வெளிவந்தது. அதுவரை வெளிநாட்டு நூல்களையே நம்பியிருந்த நம் மாணவர்களுக்கு, நம் நாட்டு நோயாளிகளின் அனுபவம் நூலாகக் கிடைத்தது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி ஏழைகளுக்காக அடையாறில் தொடங்கிய தன்னார்வ மருத்துவ சேவை மையத்தில் டாக்டர் ஏ. லட்சுமிபதி நரம்பு அறுவை நிலையத்தை உருவாக்கினார். மூளையின் செயலுக்கும் மனித உணர்வுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சிந்திப்பதும் சொற்பொழிவாற்றுவதும் முதுமையில் அவருக்கு விருப்பமாயின. தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 2003 டிசம்பர் 13-ஆம் நாள், 81-ஆம் வயதில், சென்னையில் காலமானார்.

நாம் கற்கும் பாடம்

இப்பெரியாரின் வாழ்விலிருந்து நாம் கற்பவை பல. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு துறையைத் தொடங்க 28 வயதும் மன உறுதியும் போதும் என்பது ஒன்று. தனியே உயராமல் துணைவர்களையும் மாணவர்களையும் உயர்த்த வேண்டும் என்பது மற்றொன்று.

இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. ஒருவர் கட்டுப்பாடின்றி நடந்தால், திமிர் என்றும், வளர்ப்புச் சரியில்லை என்றும், காற்றுக் கருப்பு என்றும் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூளைக்குள் கடுகளவு இடத்தில் நேர்ந்த பழுது ஒருவர் குணத்தையே மாற்றிவிடக் கூடும் என்று அறிந்தவர், அவ்வாறு சொல்லத் தயங்குவார். வீட்டில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு என்றால், திருமணம் தடைபடும் என்று அஞ்சி அதை மறைக்கும் பெற்றோர் இன்றும் நம் பகுதியில் உண்டு. மறைப்பதால் கெடுவது அந்தப் பெண்ணின் உடல்நலமே. வலிப்புக்கு மருந்து உண்டு. முறையாக உட்கொண்டால் பெரும்பாலோர் நலமாக வாழலாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. காட்டிக் கேட்க இனி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

அமைதி வேறு, நலம் வேறு என்பதையும் அவர் வாழ்க்கை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வகுப்பில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவியை நல்ல பிள்ளை என்று எல்லோரும் பாராட்டுவர். அவள் நலமாக இருக்கிறாளா என்பதை அவளிடமே கேட்டால்தான் தெரியும். மருத்துவருக்கு மட்டுமன்றி, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தோழியருக்கும் இது பொருந்தும்.

நம்மில் சிலர் நாளை மருத்துவர் ஆகலாம். சிலர் தீப்பெட்டி ஆலையிலோ அச்சகத்திலோ கணக்கு எழுதலாம். சிலர் இல்லத்தை நடத்தலாம். எங்கிருந்தாலும், நம்மோடு இருப்பவர் நடத்தையைக் கண்டு வெறுக்கும் முன், அதன் காரணத்தை அறிய முயல்வோமாக. அதுவே டாக்டர் ராமமூர்த்தியின் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகும்.